சண்டைக்கு ஒரு ஸ்கேட்டர் சார்ட்

பேசி ஜெயிக்க முடியாது என்று தெரிந்துபோன பிறகு, புள்ளி வைத்து ஜெயிப்பது என்று சித்தார்த் முடிவு செய்தான்.

கல்யாணமான நாளிலிருந்து அவன் மனைவி எழில்மொழியிடம் ஒரு வாக்குவாதத்திலும் ஜெயித்தது கிடையாது. டிராவில் முடிந்ததாகக்கூட வரலாறு இல்லை. அவன் தொண்டையைச் செருமி முதல் காரணத்தைச் சொல்வதற்குள், அவன் இன்னும் யோசித்தே இராத மூன்றாவது காரணத்துக்கு அவள் பதில் சொல்லி முடித்திருப்பாள். இத்தனைக்கும் குரலை உயர்த்த மாட்டாள். முருங்கைக்காயை நறுக்கிக்கொண்டே அவனையும் சேர்த்து நறுக்கிவிடுவாள்.

இப்போது வழக்கு கேரம் பற்றியது. திருவொற்றியூர் தேரடிக்குப் பின்புறம், ஒரு லேத்துப் பட்டறையின் மாடியில் இளம்புயல் கேரம் கிளப் இருக்கிறது. இளம்புயல்கள் எல்லோருக்கும் இப்போது சர்க்கரையும் மூட்டுவலியும் வந்துவிட்டன, அது வேறு விஷயம். சித்தார்த்துக்கு எண்ணூரில் இரும்பு டிரம் செய்யும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. பகலெல்லாம் டிரம்மைத் தட்டித் தட்டிச் சொட்டை பார்ப்பான். சாயங்காலம் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பைக்கை நெளித்து நெளித்து ஓட்டிக்கொண்டு வந்து, நேராகக் கிளப் மாடி ஏறுவான். மற்ற எல்லா இடத்திலும் அவனைப் பார்த்து "தள்ளுப்பா" என்பார்கள். அங்கே மட்டும்தான் "நீ ஆடுப்பா" என்பார்கள். அந்த ஒரு வார்த்தைக்காக எண்ணூர் நெடுஞ்சாலைப் புழுதி முழுவதையும் விழுங்க அவன் தயாராக இருந்தான்.

வீட்டுச் சண்டைக்கெல்லாம் மூலகாரணம் கேரம்தான் என்பது எழில்மொழியின் கட்சி.

"நீ கிளப்புக்குப் போற. லேட்டா வர்ற. நான் கேக்கறேன். சண்டை வருது. இதுல இன்னா புரியல உனக்கு?"

"இல்ல எயிலு. கிளப்புக்குப் போனா மனசு லேசாயிடும். லேசான மனசோட வந்தா சண்டை கம்மியாத்தான் ஆவும்."

"யாரு மனசு லேசாவுது? என்னுதா?"

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அந்தச் சமயம் பார்த்துத்தான் கம்பெனியில் ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. டை கட்டிய ஒருவர் வந்து, கம்ப்யூட்டரில் ஸ்கேட்டர் சார்ட் என்று ஒன்றைப் போட்டுக் காட்டினார். கீழ்க்கோட்டில், பெயிண்ட் காயவைக்கும் அடுப்பின் சூடு. பக்கக்கோட்டில் பெயிண்ட் உரிந்த டிரம்கள். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புள்ளி. புள்ளிகளுக்கு நடுவே ஒரு கோடு இழுத்தார். கோடு சரசரவென்று மேலே ஏறியது. சூடு கூடினால் பெயிண்ட் உரிகிறது, அவ்வளவுதான், முடிந்தது விவகாரம். ஒரு வருஷமாக "அடுப்பு சரியாத்தான் இருக்கு" என்று கத்திக்கொண்டிருந்த மேனேஜர், அந்தக் கோட்டைப் பார்த்ததும் டீயைக் குடிக்கப் போய்விட்டார்.

சித்தார்த்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மேனேஜர் வாயையே ஒரு கோடு அடைக்கும் என்றால் எழில்மொழி எம்மாத்திரம் என்று நினைத்தான். கணக்கு அங்கேயே தப்பிவிட்டது, ஆனால் அது அவனுக்கு அப்போது தெரியவில்லை.

அன்றே அவளோடு ஒப்பந்தம் போட்டான். இரண்டு வாரம் கணக்கெடுப்பது. எத்தனை மணி நேரம் கிளப்பில் இருந்தான் என்பதை அவன் கம்பெனி லேப்டாப்பில் ஏற்றுவான். எத்தனை சண்டை என்பதை அவள் சொல்வாள். கேரம் கூடக் கூடச் சண்டை குறைந்தால், அவன் எந்தச் சாயங்காலமும் கிளப்புக்குப் போகலாம், ஒரு கேள்வி கிடையாது. கேரம் கூடக் கூடச் சண்டையும் கூடினால், அவன் கிளப் பக்கம் இனித் தலைவைத்துப் படுக்கக் கூடாது.

"நேரம் உன்னுது, சண்டை என்னுது," என்றாள் எழில்மொழி. "ஆனா நான் பேசாம இருந்தா அது சண்டையா இல்லியா?"

"பேசலன்னா எப்பிடி சண்டை? பூஜ்யம்தான்."

"நான் பேசாத இருந்ததே உனக்குத் தெரியலன்னா அதுக்கு மூணு போடு."

போட்டான். ஆரம்பத்திலேயே விட்டுக்கொடுத்தால்தான் முடிவில் மரியாதையாக ஜெயிக்கலாம் என்பது அவன் கணக்கு.

இரண்டு வாரம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை மதியம். நெத்திலி வறுவல் தின்ற தெம்போடு, லேப்டாப்பைக் கட்டில்மேல் வைத்துக்கொண்டு சித்தார்த் சம்மணம் போட்டான். பக்கத்தில் எழில்மொழி, காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே. அவன் இரண்டு வரிசை எண்களையும் தேர்ந்தெடுத்தான். ஒரு பொத்தானை அமுக்கினான். திரையில் ஒரு கோடு தோன்றி, மேலே குதித்து, கீழே விழுந்து, மறுபடி குதித்தது.

எழில்மொழி துணி மடிப்பதை நிறுத்தினாள்.

"இது யாருக்கு எடுத்த ஈசிஜி?"

"சாரி. லைன் சார்ட்ட அமுக்கிட்டேன். ஸ்கேட்டர் வேற." அவசரமாக மாற்றினான். இப்போது தனித்தனிப் புள்ளிகளாக வந்தன. ஆனால் அவை பள்ளிக்கூடப் பிரேயரில் நிற்கிற பிள்ளைகள்போல ஒரே இடைவெளி விட்டு வரிசையாக நின்றன. கீழ்க்கோட்டில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதிக்கொண்டே போய்ப் பதினான்கில் முடிந்திருந்தது.

"கீழ கீறது இன்னா கணக்கு?" என்றாள் அவள்.

"அது கேரம் ஆடுன நேரம். மணிக்கணக்கு."

"பதினாலு மணி நேரம் ஆடினியா?"

சித்தார்த்துக்கு நெத்திலி தொண்டைக்கு வந்தது.

"இல்ல இல்ல. ரெண்டு மணி நேரத்துக்கு மேல நான் குந்துனதே இல்ல. இது எதோ பேஜாரு பண்ணுது."

"பத்து மணி நேரம் ஒரு நாளு, பதினோரு மணி நேரம் ஒரு நாளு. வேலைக்கு எப்பய்யா போன? கம்பெனிக்குப் போறேன்னு டிபன் பாக்ஸ தூக்கினு போனியே, அது கிளப்புக்கா?"

"எயிலு, கம்ப்யூட்டர் பொய் சொல்லுது."

"காலீல நீதான சொன்ன, புள்ளி பொய் சொல்லாதுன்னு."

சொன்னான்தான். சத்தமாக வேறு சொன்னான். அவன் சார்ட்டை அழித்துவிட்டு மறுபடி போட்டான். அதே பதினான்கு. புள்ளியின் அளவை மாற்றிப் பார்த்தான். புள்ளிகள் பெரிதாயின, பொய் பெரிதாயிற்று. நிறத்தை மாற்றினான், சிவப்பில் அது இன்னும் மோசமாக இருந்தது. கடைசியில் லேப்டாப்பை அணைத்துப் போட்டுப் பார்த்தான். டிவி, ஃபேன், மோட்டார் எல்லாவற்றுக்கும் அந்த வீட்டில் அதுதான் வைத்தியம். அதற்கும் மசியவில்லை.

வேறு வழியில்லாமல் முபாஷிருக்குப் போன் போட்டான். முபாஷிர் கம்பெனியில் பக்கத்து மேஜை, கிளப்பில் டபுள்ஸ் பார்ட்னர், பயிற்சி வகுப்பில் தூங்காமல் இருந்த ஒரே ஆள். போனை ஸ்பீக்கரில் போடச் சொன்னாள் எழில்மொழி. போட்டான்.

"இன்னா மாமு, பிரியாணி துன்னுகினு கீறேன்."

"ஸ்கேட்டர்ல கீழ்க்கோடு ஒண்ணு ரெண்டு மூணுன்னே வருது மாமு. நான் போட்ட மணி ஒண்ணுகூட காணோம்."

"அது ஈஸி. நம்பர் போட வேண்டிய வரிசைல எங்கியோ ஒரு எடத்துல எழுத்து போட்டுக்கீற. ஒரே ஒரு கட்டத்துல எழுத்து இருந்தாலும் போதும், மொத்த வரிசையயும் அது நம்பவே நம்பாது. சொம்மா ஒண்ணு ரெண்டுன்னு அதுவா எண்ணிக்கும்."

"என்னிய மாதிரியே கீது உன் கம்ப்யூட்டரு," என்றாள் எழில்மொழி, சட்டையை மடித்தபடி. "ஒரு எடத்துல டகுல் உட்டா மொத்தத்தயும் நம்பாது."

அந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று சித்தார்த்துக்குத் தெரிந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமைக் கட்டம். அன்று காசிமேட்டில் டோர்னமென்ட். காலையில் போய் அரை இறுதி, இறுதி எல்லாம் ஆடி, சாயங்காலம்தான் வந்தான். வீட்டில் 'ஓவர்டைம்' என்று சொல்லியிருந்தான். அன்று ராத்திரி லேப்டாப்பில் ஏற்றும்போது பெரிய தர்மசங்கடம். உண்மையைப் போட்டால் மனைவி விடமாட்டாள். பூஜ்யம் போட்டால் மனசாட்சி விடவில்லை. தரம் பார்க்கிறவன் பொய் எண் எழுதலாமா? யோசித்து யோசித்து, பொய்யும் இல்லாமல் மெய்யும் இல்லாமல், 'ஓ.டி.' என்று எழுதிவைத்திருந்தான்.

அவன் மெதுவாக அந்தக் கட்டத்தைக் கையால் மறைத்தான்.

"கைய எடு," என்றாள் அவள். "எல்லா நம்பரும் வலது பக்கம் ஒட்டிகினு கீது. இது மட்டும் ஏன் இடது பக்கம் ஒதுங்கி குந்திகினு கீது? ஓ.டி. ஓவர்டைம் அன்னிக்கா?"

"ஆமா எயிலு."

"அப்ப கேரம் ஆடல. பூஜ்யம் போடு."

எவ்வளவு சுலபமாகத் தப்பிக்க வைக்கிறாள் என்று சித்தார்த் உருகிப்போனான். பூஜ்யம் போட்டான். உடனே கீழ்க்கோடு ஒழுங்குக்கு வந்தது. பதினான்கு மறைந்து இரண்டாயிற்று. புள்ளிகள் அவையவை தங்கள் இடத்தில் போய் உட்கார்ந்தன. முபாஷிர் சொன்னபடி ஒரு புள்ளியின்மேல் வலது பொத்தானை அமுக்கிக் கோட்டை வரவழைத்தான்.

கோடு மேலே ஏறியது.

சித்தார்த் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தான். சந்தேகமே இல்லை. கேரம் கூடக் கூடச் சண்டையும் கூடுகிறது. கணக்குப்படி கேரமே ஆடாத அந்த ஞாயிற்றுக்கிழமை, சண்டையும் பூஜ்யம். அந்த ஒரு புள்ளி மூலையில் உட்கார்ந்துகொண்டு கோட்டின் இடது முனையைக் கீழே அமுக்கிப் பிடித்திருந்தது.

"முடிஞ்சுது," என்றாள் எழில்மொழி. "கிளப்புக்குச் சொல்லி அனுப்பிடு."

"மாமு, இன்னாச்சி?" என்று ஸ்பீக்கர் கேட்டது.

சித்தார்த் மனசுக்குள் கிளப்புக்கு விடைகொடுத்தான். இனி அந்த மாடிப்படி கிடையாது. பௌடர் தூவிய பலகையில் காயின் வழுக்கிப் போகிற அந்தச் சத்தம் கிடையாது. சிவப்புக் காயைப் போட்டுவிட்டு ஒன்றும் நடக்காததுபோல மூக்கைத் தேய்த்துக்கொள்கிற சுகம் கிடையாது. பூஜ்யத்தை எடுத்துவிட்டு உண்மையைப் போட்டால் கோடு திரும்பிவிடும். ஆனால் போட்டால் குட்டு உடையும். எது பெரிது? சித்தார்த் ஒரு பெருமூச்சு விட்டு, பூஜ்யத்தை அழித்து, ஏழு என்று அடித்தான்.

புள்ளி மூலையிலிருந்து கிளம்பி, மற்ற எல்லாப் புள்ளிகளையும் தாண்டி, வலது கோடியில் போய்த் தன்னந்தனியாக உட்கார்ந்தது. கோடு தடாலென்று கவிழ்ந்து சறுக்குமரமாக இறங்கியது.

"ஏழு மணி நேரம் ஓவர்டைமா?" என்றாள் எழில்மொழி.

"ஓவர்டைம் இல்ல எயிலு. காசிமேட்டுல ஃபைனலு. பொய் சொல்ட்டேன். மன்னிச்சிக்க." மூச்சு விடாமல் சொன்னான். "ஆனா கோட்ட பாரு. ஏழு மணி நேரம் ஆடுன அன்னிக்கித்தான் சண்டையே இல்ல. நீயே தந்த பூஜ்யம். நான் ஜெயிச்சிட்டேன்."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். தலைக்கு மேல் ஏதாவது பறந்து வரும் என்று காத்திருந்தான். ஒன்றும் வரவில்லை. கண்ணைத் திறந்தால், அவள் லுங்கியை நிதானமாக நான்காக மடித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு அன்னிக்கே தெரியும். ஓவர்டைம் போனவன் சட்டைல கிரீஸ் இருக்கும். உன் சட்டைல பௌடர் இருந்துச்சு."

"தெரிஞ்சுமா சண்டை போடல?"

"வூடு காலீலேந்து அவ்ளோ நல்லா இருந்துச்சுய்யா. ஃபேன் சத்தம் காதுல கேட்டுச்சு. மேல் வூட்டு மெஹ்னாஸ் வந்து ரொம்ப நேரம் பேசிகினு இருந்தா. அத்த ஏன் கெடுத்துக்கணும்னு உட்டுட்டேன்."

"எதுவோ. கோடு எறங்குது. கேரம் கூடுனா சண்டை கொறையுது. ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்."

"கேரமா கொறச்சுது?" எழில்மொழி முதல்முறையாக லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள். "கேரம் போர்டு நம்ம வூட்டுக்கு வந்து சமாதானம் பேசுச்சா? நீ வூட்ல இல்ல. அதான் சண்டை இல்ல. மேல இன்னா எழுதிக்கீற, 'கேரம் நேரம்'னா? அத்த அழிச்சிட்டு 'வெளிய இருந்த நேரம்'னு எழுது. அதே நம்பரு, அதே புள்ளி. கோடு மாறுதா பாரு."

கோடு மாறவில்லை. எப்படி மாறும்? சித்தார்த் அந்தக் கோட்டையே வெறித்துப் பார்த்தான். அவன் பெற்று வளர்த்த கோடு, கண்ணெதிரே கட்சி மாறிக்கொண்டிருந்தது.

"முபாஷிர் அண்ணே," என்று அவள் போனைப் பார்த்துக் கூப்பிட்டாள். "நான் சொல்றது தப்பா?"

ஸ்பீக்கரில் எலும்பு கடிக்கும் சத்தம் நின்றது. "கரீக்டுதான் தங்கச்சி. கேரமும் வெளிய போறதும் சேந்தே நடக்குது. எது காரணம்னு இந்த சார்ட்டுக்குத் தெரியாது. பிரிச்சிப் பாத்தாத்தான் தெரியும்."

"டேய், நீ யாரு பார்ட்னர்?" என்றான் சித்தார்த்.

"டேட்டான்னா டேட்டாதான் மாமு. பிரியாணி ஆறுது." போன் வைக்கப்பட்டது.

பிரித்துப் பார்ப்பதற்குத் தேதியும் அங்கேயே குறிக்கப்பட்டது. வருகிற ஒரு வாரம் சித்தார்த் சாயங்காலமெல்லாம் வெளியில் இருப்பான், ஆனால் கேரம் தொடமாட்டான். வெளியில் என்ன செய்வது என்பதற்கு எழில்மொழியிடம் பஞ்சமே இல்லை. ரேஷன் கடை, கரண்ட் ஆபீஸ், தண்டையார்பேட்டையில் ரிப்பேருக்குக் கொடுத்து மறந்துபோன மிக்ஸி, புளியந்தோப்பில் அவள் அம்மா வீட்டுப் பரணை ஒழித்துத் தருவது. அந்தப் பரண் சித்தார்த்தின் கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒழிக்கப்படாமல் இருந்தது. மருமகனுக்காகவே வைத்திருந்தார்கள்போல.

ஆனால் சித்தார்த்தும் லேசுப்பட்டவன் இல்லை. அன்று மாலையே அவன் மூளையில் ஒரு யோசனை பளிச்சென்றது. பிரித்துப் பார்ப்பது என்றால் இரண்டு பக்கமும் பிரிக்க வேண்டுமே.

"எயிலு, கேரம் இல்லாம வெளிய இருந்தா இன்னா ஆவுதுன்னு பாக்கறோம். சரி. வெளிய போவாம கேரம் இருந்தா இன்னா ஆவுதுன்னும் பாக்கணும்ல. அதான் நாயம்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அதுவும் சரிதான். அதுக்கு இன்னா பண்ணணும்?"

"போர்ட வூட்டுக்குக் கொண்டாரணும். கிளப்புல பழைய போர்டு ஒண்ணு சொம்மா சாத்தி வெச்சிருக்கு."

"கொண்டாயேன். நான் வேணான்னா சொன்னேன்?"

அவள் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டது அவனுக்கு ஒரு நிமிஷம் உறுத்தத்தான் செய்தது. ஆனால் சந்தோஷம் அதை அமுக்கிவிட்டது. இனிக் கிளப் மாடி ஏற வேண்டாம், பொய் சொல்ல வேண்டாம், வீட்டிலேயே ஆடலாம். பாட்டுப் பாடாத குறையாகப் போர்டை ஆட்டோவில் ஏற்றி, ஒரு கையால் அதையும் மறு கையால் உயிரையும் பிடித்துக்கொண்டு வந்தான். ஹாலில் ஸ்டாண்டு போட்டு, பலகையைத் துடைத்து, பௌடர் தூவி, காயின்களை அடுக்கிவைத்தான். ஸ்ட்ரைக்கரை எடுத்து ஒரு தடவை முத்தம்கூடக் கொடுத்தான்.

"அழகா கீது," என்றாள் எழில்மொழி. "நாளைக்கு ஆரம்பிச்சிரலாம்."

மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்து சித்தார்த் நேராகப் புளியந்தோப்புக்குப் போனான். பரணில் ஏறி, எலி கடித்த பாய்களையும் அடி ஓட்டையான அண்டாக்களையும் இறக்கினான். மாமியார் கீழே நின்று, "அப்பிடியே அந்த மூலையும் பாத்துருங்க மாப்ள," என்று நான்கு மூலைகளையும் காட்டினாள். தும்மித் தும்மி மூக்கு சிவந்து, தலையெல்லாம் ஒட்டடையோடு, கடைசியில் பைக்கை எடுத்தான். வழியெல்லாம் ஒரே நினைப்பு. வெளியில் இருக்கிற பங்கை முடித்தாயிற்று. இனி வீட்டுக்குப் போய்க் கை கால் கழுவி, ஒரு டீயைக் குடித்துவிட்டு, கேரத்தின் பங்கை ஆரம்பிக்க வேண்டியதுதான்.

வீட்டு மாடிப்படியில் ஏறும்போதே அந்தச் சத்தம் கேட்டது. காயின் வழுக்கிப் போய்ப் பாக்கெட்டில் விழுகிற சத்தம். பின்னாலேயே சிரிப்பு.

கதவைத் தள்ளினான். போர்டின் ஒரு பக்கம் எழில்மொழி, எதிரே மேல் வீட்டு மெஹ்னாஸ். நடுவில் ஒரு தட்டு வாழைக்காய் பஜ்ஜி. இரண்டு பேர் விரலிலும் வெள்ளைப் பௌடர். எழில்மொழி சிவப்புக் காயைப் போட்டுவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல மூக்கைத் தேய்த்துக்கொண்டாள்.

"எயிலு, இன்னா இது? நான் ஆடறதுக்குத்தான போர்டு கொண்டாந்தேன்?"

"நீ ஆடுனா எப்பிடிய்யா பிரியும்? நீ வூட்ல இருந்தா கேரமும் நீயும் மறுபடியும் ஒண்ணா சேந்துருவீங்க. கேரம் உள்ள, நீ வெளிய. அதான் டெஸ்டு. சண்டை இதுவரைக்கும் பூஜ்யம், மெஹ்னாஸ கேட்டுப் பாரு."

மெஹ்னாஸ் பஜ்ஜியை மென்றுகொண்டே தலையாட்டினாள். சித்தார்த் செருப்பைக் கழற்றக் குனிந்தான்.

"அத்த ஏன் கழட்டற?" எழில்மொழி போர்டிலிருந்து கண்ணை எடுக்காமல் ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் வைத்தாள். "இன்னும் ஒரு மணி நேரம் வெளிய இருந்துட்டு வா. புள்ளி கரீக்டா கோட்டு மேலயே வந்து குந்தும்."